கல்லில் வீங்கிய பெருவிரல்

அந்த வலி எனக்கு முதன்முதலாக வந்தபோது நாற்பத்தெட்டு வயது. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதை பஸ்ஸில் பதினோரு வருடமாக டிரைவராக இருந்தேன். முந்தின நாள் நாயுடுபேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் ஆட்டுக்கறி, பந்திக்கு முன்னால் பீர். மறுநாள் விடியற்காலை எழுந்தால் வலது கால் பெருவிரலின் அடிக்கணு சிவந்து, தோல் இழுத்துப் பிடித்து மினுமினுத்துக்கொண்டிருந்தது. போர்வையின் ஓரம் பட்டாலே உயிர் போயிற்று. எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். ஷூவுக்குள் கால் நுழையவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன்.

மலை ஏறும்போது சமாளித்துவிட்டேன். குதிகாலை ஊன்றிக்கொண்டு ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தினால் போதும். இறங்கும்போதுதான் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் விரலுக்குள் யாரோ ஆணியைத் திருகுவது போல இருந்தது. பின்னால் இருந்தவர்கள் வளைவுக்கு வளைவு கோவிந்தா போட்டார்கள். நானும் போட்டேன். அவர்கள் பக்தியில் போட்டது, நான் வலியில் போட்டது. கீழே வந்து வண்டியை நிறுத்தியபின் சீட்டிலிருந்து இறங்க முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இறக்கினார்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டு அந்தக் காலோடு அன்றைக்கு வண்டியை எடுத்தது தப்பு. அதற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை.

எலும்பு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் புத்தூருக்குத்தான் ஓடுவார்கள். மனைவி என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள். கட்டுப் போடுகிற பெரியவர் காலைத் தொடக்கூட இல்லை. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எலும்பு நல்லாத்தான் கீது. இதுக்கு நான் கட்டுப் போட்டா நீ எழுந்து என்னிய அடிப்ப. போயி ரத்தத்தப் பாரு.”

ரத்தம் பார்த்தோம். திருப்பதியில் நான் போன டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தெலுங்கில்தான் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடிப் போய், மூட்டுக்குள் கண்ணாடித் தூள் மாதிரிப் படிந்திருக்கிறது என்றார். கறியைக் குறை, பீரை விடு, தண்ணீர் நிறையக் குடி. வலி நிற்க ஒரு சின்ன மாத்திரையைக் கையோடு கொடுத்தார். வலி நின்ற பிறகு யூரிக் ஆசிட்டைக் குறைக்க வேறொரு மாத்திரை உண்டு, அதைத் தினமும் போடவேண்டும் என்றார்.

அவருக்குச் சரித்திரத்தில் ஆசை போலிருக்கிறது. அன்றைக்குக் கூட்டமும் இல்லை. இது மிகப் பழைய வியாதி என்றார். வெளிநாட்டில் ராஜாக்களின் வியாதி என்று பெயராம். காலை ஒரு மணையில் தூக்கி வைத்துக்கொண்டு ராஜ்ஜியம் நடத்தினவர்கள் இருந்தார்களாம். மந்திரவாதி, மதகுரு, வைத்தியர் என்று எல்லோரும் முயன்று பார்த்தார்கள். இந்தக் கால்வலிக்கென்றே வேண்டிக்கொள்ளத் தனியாகப் புனிதர்களை வைத்திருந்தார்கள். அவர்களுடைய கல்லறையில் போய்ப் படுத்துக் கிடப்பார்கள். பிறகு நான் கையில் வைத்திருந்த மாத்திரையைக் காட்டினார்.

“இதுவும் அந்தக் காலத்து மருந்துதான். ஒரு பூச்செடியின் கிழங்கிலிருந்து எடுத்தது. நம் பக்கத்து வேலிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிறதே, அந்தக் கொடியின் கிழங்கிலும் இதே சத்து இருக்கிறது. அளவு ஒரு துளி தவறினால் விஷம்.”

எனக்கு அந்தக் கொடியைத் தெரியும். கார்த்திகைப் பூ. நிலத்தில் அதன் கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருக்கும், அதனால் கலப்பைக் கிழங்கு என்போம். டாக்டரம்மா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வேலியில் கிடக்கிற கொடி இவ்வளவு பெரிய ஆளா என்று தோன்றியது.

அந்த வாரம் என் மச்சான் பார்க்க வந்தார். மனைவியின் அண்ணன். அவர்கள் சொந்த ஊர் வெதுருகுப்பம். அவர் வாலிபத்திலேயே பங்காருபாளையம் போய் மாங்காய் மண்டி வைத்தவர். என்னைவிட ஆறு வயது பெரியவர். உடம்பும் குரலும் பெரியது. சாப்பாட்டில் யாரும் அவரை ஜெயிக்க முடியாது. கட்டிலில் என் காலைப் பார்த்தவுடன் சிரித்தார்.

“இன்னா மாப்ள, உனக்கும் வந்துட்சா?”

“உங்களுக்குமா மச்சான்?”

“நாலு வருஷமா. காய் வெக்கிற டப்பாவுல இடிச்சிக்கினேன்னு வூட்ல சொல்லிக்கினு திரியறேன். எத்தினி தபாதான் ஒருத்தன் டப்பாவுல இடிச்சிக்குவான்? எங்க வூட்டுக்காரி அதையும் நம்பறா, அவளச் சொல்லணும்.”

எங்களுக்குள் அதுவரை மரியாதை இருந்தது, சிநேகம் இல்லை. அன்றிலிருந்து சிநேகம் வந்தது. எந்தச் செருப்பு கடிக்காது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தேவலை என்பதையெல்லாம் போனில் பேசிக்கொண்டோம். என் மனைவி உளுந்து, கறி, மீன் எல்லாவற்றையும் எனக்கு நிறுத்தினாள். அண்ணன் வந்தால் அவருக்கும் அதே சாப்பாடு. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுரைக்காய்க் கூட்டைத் தின்பார்.

அவர் லேசில் டாக்டரிடம் போகாதவர். மாத்திரை எழுதி வாங்கி வந்தாலும் இரண்டு நாளில் நிறுத்திவிடுவார். ஆனால் சாமி என்றால் எங்கே வேண்டுமானாலும் போவார். சித்தூர்ப் பக்கம் ஒரு தர்காவுக்குப் போய் மயிலிறகால் காலைத் தடவச் செய்திருக்கிறார். ஒரு சர்ச்சுக்கு மெழுகில் செய்த கால் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர்தான் என்னை ஒரு சாமியாரின் சமாதிக்கு அழைத்துப் போனார். எங்களில் யாருக்கு அப்போது வலி இல்லையோ அவர் வண்டி ஓட்டுவது என்று ஏற்பாடு.

புத்தூரைத் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் அது இருந்தது. பெரிய இடம் ஒன்றும் இல்லை. ஒரு ஓட்டுக் கட்டடம், நாவல் மரம், ஒரு கைப்பம்பு. உள்ளே சமாதி மேடை. அதன் முன்னால் ஒரு கல்லில் இரண்டு பாதங்கள் செதுக்கியிருந்தன. கோயில்களில் பாதம் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சாக அழகாக இருக்கும். இது அப்படி இல்லை. வலது பெருவிரலின் கணு மட்டும் தனியாகப் புடைத்திருந்தது. செதுக்கினவன் அந்தக் காலை நேரில் பார்த்திருக்க வேண்டும். எனக்கு என் காலையே கல்லில் பார்த்தது போல இருந்தது. குனிந்து அந்தக் கணுவைத் தொட்டுப் பார்த்தேன்.

அறுபது வயதுள்ள ஒரு அம்மா அந்த இடத்தைப் பெருக்கி, விளக்கேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கதையைச் சொன்னார். ரயில் வராத காலமாம். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து ஒரு சாமியார் திருமலைக்கு நடந்து வந்திருக்கிறார். இந்த இடத்துக்கு வந்தபோது கால் வீங்கிவிட்டது. குறைந்ததும் போகலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்தார். குறையும், கிளம்புவார், நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி வீங்கும். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. வண்டியில் ஏற்றிப் போகிறோம் என்றவர்களிடம் நடந்துதான் போவேன் என்றார். கடைசிவரை மலை ஏறவில்லை. இங்கேயே அடங்கிவிட்டார். கால் வலிக்காரர்கள் வந்து பாதத்தில் எண்ணெய் ஊற்றி, வழிகிற எண்ணெயை எடுத்துத் தங்கள் காலில் தடவிக்கொள்வார்கள்.

மச்சான் சும்மா இருக்கமாட்டார். “தனக்கே தீத்துக்க முடியாதவரு, நமக்கு எப்பிடிம்மா தீப்பாரு?” என்று கேட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. “தனக்குத் தீந்துட்டிருந்தா மலையேறிப் போயிட்டிருப்பாரு. இங்க உங்களுக்கு யாரு இருப்பா?” என்றார்.

எண்ணெய் வெறும் நல்லெண்ணெய் இல்லை. அவருடைய மாமியார் காலத்திலிருந்து கலப்பைக் கிழங்கைப் போட்டுக் காய்ச்சுவது. சின்னச் சீசாவில் ஊற்றிக் கொடுக்கும்போது எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“மேலுக்குத்தான் தடவணும். வாயில படக்கூடாது. புண்ணு இருந்தா தடவக்கூடாது. தடவினா சோப்புப் போட்டுக் கை கழுவாம சோறு துன்னக்கூடாது. கொழந்த கையிக்கு எட்ற மாதிரி வெக்கக்கூடாது. புரிஞ்சிதா?”

“புரிஞ்சிது” என்றோம். நான் இதை இவ்வளவு விவரமாக நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் பிறகு வரும்.

நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போனோம். அங்கே திருமலையில் பரம்பரையாகக் கைங்கர்யம் செய்யும் ஸ்ரீவைஷ்ணவர் ஒருவரும் வருவார். எழுபது வயது. ஊரில் யாருக்கும் தெரியாமல் வருவதாகச் சொன்னார். ஆசாரமுள்ள குடும்பத்தில் சமாதிக்குப் போவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவரைப் பார்த்த முதல் நாள் மச்சான், கறி தின்பதால்தான் இது வருகிறது என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள் என்றார். அவர் கையை விரித்தார்.

“மாம்சத்தோட வாசனை கூட நேக்குத் தெரியாது. தீர்த்தம், பிரசாதம், ஆத்துச் சாதம், இவ்வளவுதான் இந்த வயத்துல போயிருக்கு. முப்பது வருஷமா வர்றது. எங்க தோப்பனாருக்கும் இருந்தது, அவர் தோப்பனாருக்கும் இருந்தது. யாரைக் குத்தம் சொல்றது?”

“மலைமேலயே இருக்கீங்க. அங்க கேக்கக் கூடாதா சாமி?” என்றேன் நான்.

“கேக்காம இருப்பேனா? ஆனா அவர் எல்லாருக்கும் பொது. லோகத்துல இருக்கற அத்தனை கஷ்டமும் அங்க வரிசையில நிக்கறது. இவருக்குக் கால்வலின்னா என்னன்னு தெரியும். அதான் இங்க வந்து கொஞ்ச நாழி உக்காந்துட்டுப் போறேன்.”

ஐந்தாறு தடவை வலி வந்து போன பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும், வந்த வலி ஒரு வாரம் பத்து நாளில் தானாக வடிந்துவிடுகிறது. முதல் மூன்று நாள் நடக்கவே முடியாது, யாரும் எங்கேயும் போகமாட்டார்கள். கொஞ்சம் அடங்கிய பிறகுதான் வண்டி ஏறிச் சாமியைத் தேடிப் போவார்கள். போய் வந்த இரண்டாம் நாள் வலி போய்விடும். அந்தப் பெயர் சாமிக்குப் போகும். ராஜாக்களின் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். மச்சானிடம் சொன்னேன்.

“இருக்கட்டுமே. வலி போவுது இல்ல? யாராலன்னு கேட்டு இன்னா ஆவப்போவுது?” என்றார்.  நானும் அவரோடு போவதை நிறுத்தவில்லை.

இதற்கிடையில் எனக்கு மலைப்பாதையை நிறுத்திவிட்டார்கள். அந்த முதல் நாள் விஷயம் டெப்போவில் தெரிந்து, மெடிக்கல் பார்த்து, சமவெளி ரூட்டுக்கு மாற்றினார்கள். திருப்பதியிலிருந்து சித்தூர், சித்தூரிலிருந்து திருப்பதி. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அது சரியான முடிவு என்றும் தெரிந்தது.

இரண்டு வருடம் முன்பு, மாங்காய் சீசனின் கடைசி வாரங்களில் மச்சானுக்கு இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வந்தது. மண்டியில் கிளிமூக்கு மாங்காய் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்குகிற நேரம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். எழுந்துபோய்க் காயைப் பார்க்க முடியவில்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது. எனக்குப் போன் செய்தார்.

“மாப்ள, உன் மாத்திரை நாலு குடுத்தனுப்பு.”

“மாத்திரை உங்க கிட்னி பார்க்காம குடுக்கக்கூடாதாம் மச்சான். டாக்டரம்மா கிட்ட வாங்க, நான் கூட்டிக்கினு போறேன்.”

“சீசன் முடியட்டும். அந்த மாத்திரையில இன்னாதான் கீது?”

அப்போது நான் சொன்னேன். டாக்டரம்மா சொன்ன கதை முழுவதையும் சொன்னேன். ராஜாக்கள், புனிதர்கள், கல்லறை, பூச்செடி. “அந்தம்மா எண்ணெயில போட்ற அதே கலப்பைக் கிழங்குதான் மச்சான். மாத்திரையிலயும் அதே சத்துதான்” என்றேன். சுவாரசியமான விஷயத்தை முதலில் தெரிந்துவைத்திருப்பவனின் சந்தோஷத்தோடு சொன்னேன். அளவு தவறினால் விஷம் என்பதையும் சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்னதாக நினைவில்லை. அந்த நேரத்தில் அவர் மண்டியில் ஏதோ லாரி ஹாரன் அடித்ததும், சரி வைக்கிறேன் என்று அவர் சொன்னதும்தான் நினைவிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அவர் மனைவி போன் செய்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். காலையிலிருந்து மச்சானுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, நிற்கவே இல்லை என்றார். மாம்பழம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கார்த்தால இன்னா துன்னாரு அக்கா?”

“சோறு எதுவும் துன்னல தம்பி. வெடிகாலம் கொல்லை வேலியில எதியோ தோண்டச் சொல்லி ஆள விட்டாரு. ஒரு கெழங்கு. அத வேக வெச்சிக் கொஞ்சம் துன்னாரு. காலுக்கு நல்லதாம்.”

 “மீதி இருக்குதா? தோலு, துண்டு, எதுனா இருந்தா ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கினு ஒடனே சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. மோர் வேணாம். கெளம்புங்க” என்றேன்.

சித்தூரில் முதல் உதவி செய்து திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள். ஐசியுவில் போட்டார்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, உடம்பு தானாக வெளியே தள்ளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம் என்று சொன்னார்கள். ரத்த அழுத்தம் விழுந்தது. பிறகு ரத்தத்தில் அணுக்கள் குறைந்தன. கிட்னி தடுமாறியது. என் மனைவி ஐசியுவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கலாம் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் நான் மச்சானிடம் போனில் சொன்னது அக்காவுக்குத் தெரியும்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “டாக்டரு உங்க கிட்ட சொன்னத உங்களோட வெச்சிக்கினு இருந்தா இன்னா?” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

விஷம் என்று வந்ததால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிற்று. மூன்றாம் நாள் அங்கிருந்த அவுட்போஸ்டில் வாக்குமூலம் எடுக்க வந்தார்கள். அதற்குள் உறவுக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சமாதியில் இருக்கிற அம்மாதான் ஏதோ மருந்து கொடுத்துவிட்டாள், அவளைப் பிடித்து உள்ளே போடவேண்டும் என்று. மச்சானின் மகன், பெங்களூரில் வேலை செய்பவன், மொபைலில் அந்த எண்ணெய்ச் சீசாவின் போட்டோவைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். யார்மேலாவது கோபப்பட்டாக வேண்டிய நேரம் அது. அந்த அம்மா யாருமில்லாதவர். தூரத்தில் இருந்தார்.

நான் அவுட்போஸ்டுக்குள் போய், எனக்கும் சொல்வதற்கு இருக்கிறது என்றேன். ஹெட் கான்ஸ்டபிள் பேப்பரை இழுத்து வைத்துக்கொண்டார்.

தெலுங்கில் சொன்னேன். கிழங்கு அவர் சொந்தக் கொல்லை வேலியில் தோண்டியது. அந்த அம்மா கொடுத்தது மேலுக்குத் தடவும் எண்ணெய். வாயில் படக்கூடாது என்று எங்கள் இருவருக்கும் எச்சரித்துச் சொன்னார், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். மாத்திரையிலும் கிழங்கிலும் ஒரே சத்து இருக்கிறது என்று அவரிடம் சொன்னது நான். அதைக் கேட்டபிறகுதான் அவர் தின்றார்.

“விஷம் என்றும் சொன்னீர்களா?” என்று கேட்டார்.

“நினைவில்லை.”

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நினைவில்லை என்று எழுதட்டுமா, சொல்லவில்லை என்று எழுதட்டுமா?”

கொஞ்சம் யோசித்தேன். “சொல்லவில்லை என்று எழுதுங்கள்” என்றேன். எழுதியதைப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது மச்சானின் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு லேசாகவும் இல்லை, பாரமாகவும் இல்லை. மறுநாள் ஆறு மணிக்குச் சித்தூர் வண்டி எடுக்கவேண்டும் என்பதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்பதாம் நாள் மச்சான் ஆபத்திலிருந்து தப்பினார். போலீஸ் அவரிடமே கேட்டது. குரல் எழும்பவில்லை. “நானாத்தான் துன்னேன். ஒருத்தரும் ஊட்டல” என்றாராம். வழக்கு அதோடு நின்றது. என் மனைவி அதை உள்ளே நின்று கேட்டிருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்ததும், “சோறு போடட்டா?” என்று கேட்டாள். எட்டு நாளாக அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு இன்னொன்று நடந்தது. மச்சானின் தலைமுடி உதிர ஆரம்பித்தது. தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஒரு வாரத்தில் முழு மொட்டை. விஷம் போகிற போக்கில் செய்யும் வேலை, மறுபடி முளைக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ரத்தம் பார்க்க அவரைத் திருப்பதிக்கு அழைத்து வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்தோம். திருப்பதியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் வேறுமாதிரி நினைப்பதில்லை. டீக்கடைக்காரர் தெலுங்கில், தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று விசாரித்தார்.

“பாகா ஐந்தி” என்றார் மச்சான், நன்றாக ஆயிற்று என்று. பிறகு என் பக்கம் திரும்பி, “ரொம்ப கிட்டக்கப் போயி பாத்துட்டு வந்தேன்னு சொல்லட்டா?” என்றார். உடம்பு பாதியாகப் போயிருந்தது. சிரிக்கும்போது கழுத்து நரம்பு தெரிந்தது. கிழங்கைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. என் வாக்குமூலம் அவருக்குத் தெரியும். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது அவருக்கு முடி வளர்ந்துவிட்டது, முன்பைவிட நரையாக. டாக்டரம்மாவிடம் நானே அழைத்துப் போனேன். கிட்னி பார்த்து, யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரையை மெதுவாக ஆரம்பித்தார். அதை ஆரம்பித்த முதல் மாதங்களில் வலி கூடவும் செய்யும், விட்டுவிடாதீர்கள் என்று இந்தமுறை அவர் சொன்னதை நான் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விடக்கூடாது என்று அதையே மச்சானிடம் கொடுத்தேன். எனக்கும் அப்படி இரண்டு தடவை வந்தது. பிறகு வரவில்லை. அவருக்கும் ஒரு வருடமாக வரவில்லை. மாத்திரையால் என்று நான் நினைக்கிறேன். சாமியார் ஐசியுவில் தன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார் என்று அவர் சொல்கிறார். எந்தக் காலை நீட்டிக்கொண்டிருந்தார் என்பது வரைக்கும் சொல்கிறார். இரண்டு பேரும் காலையில் மாத்திரை போடுகிறோம்.

வாக்குமூலம் கொடுத்த வாரத்தில் சமாதிக்கு நான் தனியாகப் போயிருந்தேன், அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல. அவருக்கு அதற்கு முன்பே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். பயந்துபோயிருந்தார். மாமியார் காலத்துச் சட்டியைக் கிழங்கோடு குழி தோண்டிப் புதைத்துவிட்டதாகச் சொன்னார். உங்கள்மேல் ஒன்றும் வராது என்று சொன்னேன். “சாமி யாரையும் துன்னச் சொல்லலயே நைனா” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

போன மாதம் லீவில் மறுபடி போனேன். மச்சானால் வர முடியவில்லை, மண்டி வேலை. நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஒரு பெண் தன் புருஷனைத் தோளில் சாய்த்து அழைத்து வந்திருந்தாள். அவன் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் துணியுமாக நின்றான். அந்த அம்மா பாதத்திலிருந்து எண்ணெயை வழித்துக் கொடுத்தார். அவர்கள் போனபிறகு நான் கேட்டேன்.

“இப்ப எண்ணெயில இன்னாம்மா போட்றீங்க?”

“ஒண்ணும் போட்றதில்ல. கடையில வாங்கற நல்லெண்ணெதான்.”

“வர்றவங்க வித்தியாசம் சொல்லலியா?”

“ஒருத்தரும் சொல்லல. செரியாப் பூட்சின்னு வந்து தேங்கா ஒடைச்சிட்டுத்தான் போறாங்க.”

அந்தக் கிழவர், ஸ்ரீவைஷ்ணவர், நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவின் விலாசத்தை அவரிடம் கொடுத்தேன். எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். போவாரா என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் கல்லில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுக் கிளம்பினேன்.